சந்தில் வைத்த பிள்ளையார்

துரைக்கண்ணு இறந்துவிட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் கடையில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்தை நிறுத்தவில்லை. மறுநாள் நம் வணிகர் சங்கச் செயலாளர் அழைத்து, ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி நினைவஞ்சலி எழுதித் தரச் சொன்னார். பக்கத்துக் கடைக்காரன் நான்தானாம். ஏற்கெனவே மூன்று முறை எழுதிவிட்டேன், மூன்றும் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலங்கள் என்றேன். "அப்ப உங்களுக்கு ஈசிதான் லா" என்றார்.

எனவே எழுதுகிறேன். அவரை அண்ணன் என்று கொண்டாடிய உங்களுக்கு இது பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்றும் நான் எழுதவில்லை.

சிராங்கூன் சாலையை ஒட்டிய எங்கள் இரு கடைகளுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. நிலம் அவருடையது. அதில் போய்வரும் உரிமை எங்கள் கடைக்கு இருக்கிறது என்று பத்திரமே சொல்கிறது. என் மனைவி மங்கை பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் உட்காரும்வரை அந்த உரிமையை நான் நினைத்துப் பார்த்ததில்லை. கடை முகப்பில் மூன்று படிகள். சந்து வழியாக வந்தால் படியே இல்லை. மங்கை கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் வாயடித்தே பழகியவள். பாசிர் ரிஸ் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் செத்துப்போவேன் என்று டாக்டரிடமே சொன்னாள். அந்தச் சந்தில்தான் துரைக்கண்ணு தன் பித்தளை விளக்குப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்.

கேட்டேன். கெஞ்சினேன். கடைசியில் வழக்குப் போட்டு ஜெயித்தேன். சந்தில் எந்தப் பொருளும் வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதை என் எதிரிலேயே நிதானமாக வாசித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "ஆர்டர் பேப்பர்ல இருக்கு தம்பி. சந்து தரையில இருக்கு."

ஒரு வாரத்தில் பெட்டிகள் போய்விட்டன. சந்தோஷமாக மங்கையைத் தள்ளிக்கொண்டு வந்தேன். சந்தின் நடுவில் புதிதாக ஒரு சிமெண்ட் மேடை. அதன்மேல் இரண்டடி உயரக் கருங்கல் பிள்ளையார். ஐயரை வைத்துப் பூசையும் முடித்திருந்தார். சக்கர நாற்காலி அங்கேயே நின்றது. நான் செய்திருக்க வேண்டியது வக்கீலுக்கு ஃபோன் போடுவது. செய்தது, செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஃபோன் அதற்குப் பிறகுதான்.

நீதிமன்ற அவமதிப்பு என்று மனுப் போட்டோம். "சாமி எப்படிங்க பொருளாகும்?" என்று அவர் நீதிபதியைக் கேட்டார். அதை மொழிபெயர்த்தவரே ஒரு நொடி தயங்கினார். பிறகு அவருடைய வக்கீல் ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினார். மங்கை பிள்ளையாருக்கு மாலை போடுகிறாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பது நான். வெள்ளிக்கிழமை தவறாமல் அதைச் செய்தோம். தடை என்று புகார் செய்தவரே மாலையோடு வருகிறாரே என்று அந்த வக்கீல் கேட்டபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீதிபதி அதற்கெல்லாம் மசியவில்லை. பதினான்கு நாளுக்குள் அகற்ற வேண்டும், இல்லையென்றால் ஏழு நாள் சிறை என்றார். துரைக்கண்ணு சிறைக்குப் போனார். பிள்ளையார் வைத்த மனிதரை உள்ளே தள்ளிவிட்டான் என்று உங்களில் பலர் என் கடைப் பக்கம் வருவதையே நிறுத்தினீர்கள். மழைச் சாரலில், சொந்தக் கடைக்கு வெளியே, நடைபாதையில் மங்கை உட்கார்ந்திருந்ததை ஒருவரும் கேட்கவில்லை.

அந்த ஏழு நாளும் அவர் கடை மூடிக் கிடந்தது. பிள்ளையாருக்கு விளக்கேற்ற ஆளில்லை. "அவர் செஞ்ச தப்புக்குப் பிள்ளையார் என்ன பண்ணுவாரு? போய் ஏத்துங்க" என்றாள் மங்கை. கையில் கிடைத்த சமையல் எண்ணெயை ஊற்றி ஏற்றினேன். எட்டாம் நாள் அவர் வந்தார். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் விளக்கைப் பார்த்தார். "நல்லெண்ணெய் ஊத்து தம்பி. திரி கருகுது பாரு" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை, வருத்தம் இல்லை. பிள்ளையார் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நான் இரண்டாவது மனுவுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தபோதுதான் அவர் மாரடைப்பில் போனார்.

காரியம் முடிந்ததும் அவருடைய மகள் செங்காங்கிலிருந்து வந்தாள். "எத்தனையோ தடவை சொன்னேன் அங்கிள், அப்பா கேட்கல. நீங்களே எடுத்துக்குங்க" என்றாள். இரண்டு வருடம் நான் நீதிமன்றப் படியேறியதை அந்தப் பெண் அரை நிமிடத்தில் முடித்துவைத்தாள். நான்கு பேர் சேர்ந்து பிள்ளையாரைத் தூக்கிவிட்டு மேடையை உடைத்தோம். பிள்ளையாரை விளக்கோடு கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள் மங்கை. சந்து வழியாக உள்ளே வந்து, கல்லாப்பெட்டியை ஒரு கையால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் இயந்திரத்தைப் போட்டுவிட்டு அதன் சத்தத்தில் அழுதேன். துரைக்கண்ணுவுக்காக இல்லை.

அவர் பறித்த இரண்டு வருடத்தை நான் மன்னிக்கவில்லை. மங்கை மன்னித்துவிட்டாள், அது அவள் இஷ்டம். என்னிடம் அவருடையதாக மிஞ்சியிருப்பது அந்தப் பிள்ளையாரும் விளக்கும்தான். நேற்றுக் காலை நல்லெண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. அலமாரியில் சமையல் எண்ணெய் இருந்தது. கை போகவில்லை. கடையை விட்டிறங்கி இரண்டு தெரு நடந்து நல்லெண்ணெய் வாங்கிவந்தேன். நீதிமன்றம் போட்ட உத்தரவை அந்த மனிதர் கடைசிவரை மதிக்கவில்லை. அவர் போட்ட உத்தரவை நான் தினமும் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறேன்.