உப்பு அளக்கப் போன டப்பாவுல நாட்டுக்கோழி

இன்னைக்குக் காலைல ஒரு டப்பா பழைய கஞ்சியைப் பாத்து எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

சிரிக்காதீங்க, முழுசா சொல்லுதேன்.

நான் பப்ளிக் ஹெல்த்துல பிஎச்டி பண்ணுதேன். ஜனங்க ஒரு நாளைக்கு எம்புட்டு உப்பு சாப்பிடுதாங்கன்னு கண்டுபிடிக்கணும். வாயால கேட்டா எல்லாரும் "கம்மியாத்தான்"னு சொல்லுவாங்க. (எங்க வீட்டுலயும் அதே பதில்தான்.)

அதனால ஒரு வழி இருக்கு. வீட்டுக்கு ஒரு டப்பா குடுத்துருவோம். நீங்க ரெண்டு இட்லி தின்னா டப்பாவுலயும் ரெண்டு இட்லி. ஒரு கரண்டி சாம்பார் ஊத்துனா அதுலயும் ஒரு கரண்டி. மறுநாள் காலைல நான் வந்து வாங்கிட்டுப் போயி, லேப்ல அம்புட்டையும் மிக்சில அரைச்சு உப்பை அளப்போம்.

ராஜபாளையம் பக்கத்துல சேத்தூர்ல ஒரே தெருவுல பத்து வீடு. அந்தத் தெருவுக்கே தலைவி பேச்சியக்கா. ஸ்பின்னிங் மில்லுல வேலை. அவங்க சரின்னு சொன்னதுனாலதான் மத்த ஒம்போது வீடும் கையெழுத்துப் போட்டுச்சு.

செவ்வாய்க்கிழமை மொத டப்பாக்கள் வந்துச்சு. லேப்ல தெறந்தா நாட்டுக்கோழிக் குழம்பு, அவிச்ச முட்டை, உளுந்தவடை, அப்பளம்.

அடுத்த டப்பாவுலயும் கோழி. அதுக்கு அடுத்ததுல மட்டன். ஒண்ணுல ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவே ஒரு கிண்ணத்துல தனியா வச்சிருந்தாங்க.

எங்க கைடு மேடம் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தாங்க.

"ஏம்மா, சேத்தூர்ல தினமும் கல்யாணமா?"

இது பத்தாதுன்னு குழம்புல உப்பே இல்ல. மெஷின் காட்டுன கணக்குப்படி அந்தத் தெருவுல ஒருத்தர் நாக்குலயும் உப்பு பட்டதே இல்ல.

"வெள்ளிக்கிழமையோட மெஷின் வேற டீமுக்குப் போயிரும். அதுக்குள்ள சரியான சாம்பிள் வரலைன்னா சேத்தூரை லிஸ்டுல இருந்து எடுத்துருவோம்"னுட்டாங்க.

சேத்தூர் போச்சுன்னா என் தீசிஸ்ல ஒரு சாப்டரே போச்சு. ஆறு மாசமா வெயில்ல ஸ்கூட்டி ஓட்டி வீடு வீடா பேசினது எல்லாம் வீண். அன்னைக்கு எனக்குச் சோறே எறங்கல.

மறுநாள் நேரா பேச்சியக்கா வீடு.

"என்ன மேடம், கோழி நல்லாருந்துச்சா?"ன்னு சிரிச்ச முகமா கேட்டாங்க.

"அக்கா, அதை நான் சாப்பிடலக்கா. அரைச்சுட்டோம்."

"அரைச்சுட்டீகளா?"

"ஆமாக்கா. அரைச்சு, அளந்து, பொறவு கொட்டிருவோம். அன்னைக்கே சொன்னேனே."

"சொன்னீக. ஆனா யாராவது சோத்தைப் போயி அரைச்சுக் கொட்டுவாகளா? சும்மா பேச்சுக்குச் சொல்லுதீகன்னு நெனச்சேன். இன்னும் முட்டையே வைக்காத வெடக்கோழிங்க அது! நானே புடிச்சு அடிச்சேன்."

அந்தக் கோழிக்காகவாவது ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டுருக்கணும்.

"சரிக்கா, உப்பு ஏன் போடல?"

"உங்களுக்கு பிபி இருக்குல்ல."

"எனக்கா? யாரு சொன்னா?"

"கையெழுத்து வாங்க வந்த அன்னைக்கு எங்க வீட்டுச் சாப்பாட்டுல ஊறுகாய் வச்சப்ப வேண்டாம்னீகளே. இந்த வயசுலயே இப்படி ஆயிப்போச்சேன்னு தெருவே வருத்தப்பட்டுச்சு."

(வாய்ப்புண்ணு மக்களே. வெறும் வாய்ப்புண்ணு.)

"அக்கா, எனக்கு விருந்து வேண்டாம். நீங்க தினமும் என்ன சாப்பிடுவீங்களோ அதுதான் வேணும்."

அவங்க மொகம் மாறிருச்சு.

"மில்லுக்குப் போற அவசரத்துல கஞ்சியைக் குடிச்சிட்டு ஓடுதோம். அதைப் போயி டப்பாவுல போட்டு நாலு படிச்ச பொம்பளைக முன்னாடி தெறக்கச் சொல்லுதீக. அடுத்தவுக பாத்திரத்துல பழசைப் போட்டுக் குடுத்தா எங்களுக்கு மரியாதையா?"

பேகுல இருந்து என் டிபன் பாக்ஸை எடுத்துத் தெறந்து காட்டிட்டேன். நேத்து ராத்திரிச் சோத்துல மோரை ஊத்தி, ஓரத்துல ஒரு மோர்மிளகா.

பேச்சியக்கா அதைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. பொறவு விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

"ஏட்டி, நீயும் இதைத்தான் திங்கியா?"

மேடம் போயி ஏட்டி வந்துருச்சு. அப்பவே எனக்குப் பாதி உசுரு வந்துருச்சு.

வாசல்ல நின்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சத்தம் குடுத்தாங்க. "இங்க பாருங்க, இந்தப் பிள்ளைக்கு பிபியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நாம என்ன திங்கோமோ அதை அப்படியே போடுங்க. யாரும் புதுசா ஆக்காதீக."

இன்னைக்குக் காலைல பத்து டப்பாவும் வந்துச்சு. பழைய கஞ்சி, சுட்ட கருவாடு, நேத்து வச்ச புளிக்குழம்பு, ஊறுகாய். ஒரு டப்பாவுல டீக்கடை பஜ்ஜி. ரெண்டு வாங்கி ஒண்ணைத் தின்னுட்டு ஒண்ணை எனக்காகக் காகிதத்தோட வச்சிருந்தாங்க.

கருவாட்டு வாசத்தோட ஸ்கூட்டில வந்ததுல பின்னாடி வந்த பஸ்காரரே என்னை ஓவர்டேக் பண்ணித் தப்பிச்சுட்டாரு.

கைடு மேடம் மூடியைத் தெறந்து, மூக்கைப் பொத்திக்கிட்டே சொன்னாங்க. "இதுதாம்மா டேட்டா."

சேத்தூர் லிஸ்டுல இருக்கு. என் சாப்டரும் இருக்கு.

கஞ்சியில எம்புட்டு உப்புன்னு கேக்காதீங்க. மொதல்ல பேச்சியக்காகிட்டதான் சொல்லணும். அவங்க உடம்பு, அவங்க கணக்கு.

எல்லாத்தையும் எடுத்து வச்ச பொறவு பாத்தா டப்பாக்களைக் கொண்டுவந்த ஐஸ் பெட்டியோட அடியில பதினோராவதா ஒரு டப்பா. நான் குடுத்த டப்பா இல்ல, அவங்க வீட்டு எவர்சில்வர் தூக்கு. மேல ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்துச்சு.

"இது உனக்கு. அரைச்சிராத. பேச்சி."

உள்ள நாட்டுக்கோழி.

இப்பத்தான் சாப்பிட்டு முடிச்சேன். உப்பு அம்சமா இருந்துச்சு.

(இதை மட்டும் அளக்கல.)