றாணி அக்கா சொன்ன ஒரே பொய்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஜெர்மனியின் எசன் நகரில் உள்ள எங்கள் பழைய கார் விற்பனை முற்றத்தில் நின்று றாணி அக்காவின் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு அதை வாங்கப் பார்க்க ஒருவர் வருவதாக நேரம் குறித்த டெர்மின் இருந்தது. கைபேசி அடித்தது. அக்காவைப் பார்க்க ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்திருந்த அவர் மகள் டிலானி.

"நேசன் மாமா, அம்மா விடியப்புறம் போயிட்டா. நித்திரையிலதான். ஒரு கரைச்சலும் படேல்லை."

ஈரத்துணி கையில் இருந்தது. காரின் மற்றப் பக்கத்தையும் துடைத்து முடித்தேன். பாதியில் விட்டிருந்தால் அக்கா ஏசியிருப்பார்.

அவரை அறிந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேரின் முதல் கார் அவர் கையால் வந்தது. மற்றப் பாதிப் பேர், அவர் "இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொன்னதால் தப்பியவர்கள். முப்பது வருடம் பழைய கார் விற்றவரைப் பற்றி, அவர் பொய் சொல்லாதவர் என்று எழுதினால் வெளியாட்கள் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒருமுறை பிள்ளைகள் மூவரோடு ஒரு குடும்பம் வான் பார்க்க வந்தது. நான் இருக்கைகளை மடித்துக் காட்டி, ஏறக்குறைய விற்றே முடித்துவிட்டேன். அக்கா கையைத் துடைத்தபடி வந்து, "கியர்ப்பெட்டி அடுத்த மாரிக்குத் தாங்காது" என்றார். அந்த மனிதர் திகைத்துப்போய், "அக்கா, உங்கட வேலை விக்கிறதோ, விக்காமல் விடுறதோ?" என்று கேட்டார். "நாளைக்குத் தமிழ்க் கடையில உங்களைக் கண்டால் நான் ஒளிச்சு ஓட ஏலாது" என்றார் அக்கா. அவர்கள் வெறுங்கையோடு போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பி வந்து, அவர் காட்டிய வேறொரு வானை ஓட்டிப் பார்க்காமலே வாங்கினார்கள். "குறையை முதல் சொல்லோணும், நேசன். நல்லதை அவையள் தாங்களே கண்டுபிடிப்பினம்" என்பார். வியாபாரத்தில் அதைவிடப் பெரிய தந்திரத்தை நான் இன்னும் காணவில்லை. ஆனால் அவர் அதைத் தந்திரமாகச் செய்யவில்லை.

இப்போது அந்தக் காருக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் அதைக் கண்டிருக்கிறீர்கள். அறுபதுகளில் அமெரிக்காவில் செய்தது, இளம்பச்சை நிறம், நான்கு கதவு, ஹார்ட்டாப். கூரை இரும்புதான், ஆனால் முன் கதவுக் கண்ணாடிக்கும் பின் கதவுக் கண்ணாடிக்கும் நடுவில் தூண் கிடையாது. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டால் பக்கம் முழுவதும் ஒரே திறப்பு. இருபது வருடத்துக்கு முன் ஒரு வயோதிபரின் கராஜிலிருந்து அது எங்கள் முற்றத்துக்கு வந்தபோது, தொழிற்சாலையில் பூசிய பெயிண்ட் அப்படியே இருந்தது. எங்கோ ஒரு சேகரிப்பாளர் கேட்டுக் காத்திருந்தார். எங்கள் முதலாளி, இங்கே எல்லோரும் சொல்வதுபோல எங்கள் ஷெஃப், யாரையும் அதன் மேல் சாயக்கூட விடவில்லை.

நான் சாயவில்லை. பொட்டு வைத்தேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல கார் ஒன்று வந்தால் சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைத்து, போனட்டில் சந்தனமும் குங்குமமும் இடாமல் எனக்கு மனம் ஆறாது. வழக்கமாக உடனே துடைத்துவிடுவேன். அன்று யாரோ கூப்பிட, மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். சனியும் ஞாயிறும் நெருப்பு வெயில். திங்கள் காலை வந்து துடைத்தால் சந்தனம் போனது, குங்குமம் போகவில்லை. பழைய பெயிண்ட் அந்தச் சிவப்பைக் குடித்துவிட்டது. இரண்டு யூரோ நாணயம் அளவில், வட்டமாக, போனட்டின் நட்ட நடுவில்.

அப்போது நான் சேர்ந்து மூன்று மாதம். பரீட்சார்த்த காலம். விசா நீட்டிக்கக் கொடுத்த விண்ணப்பத்தின் உயிரே இந்த வேலைதான். மெருகுக் களிம்போடு தேய்த்துக்கொண்டே நின்றேன். அக்கா வந்து பார்த்தார்.

"நீர் வச்சனீரோ?"

"ஓம் அக்கா."

"உம்மட விசா அன்ராக் இன்னும் கந்தோரிலதானே கிடக்கு?"

"ஓம்."

"அப்ப வாயைத் திறக்காதையும்."

ஷெஃப் வந்து, இது யார் வேலை என்று கத்தினார். அக்கா நேரே அவர் முகத்தைப் பார்த்து, "நான்தான். எங்கள் வழக்கம். துடைக்க மறந்துவிட்டேன்" என்று ஜெர்மனில் சொன்னார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற, கழுத்தில் சிலுவை போட்ட கத்தோலிக்கப் பெண் அதைச் சொன்னார். எங்கள் சாமி விடயத்தில் யார் சைவம், யார் கிறிஸ்தவம் என்று ஒரு ஜெர்மன்காரருக்கு என்ன தெரியப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஷெஃப் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சேகரிப்பாளர் கறையைக் கேள்விப்பட்டு விலகினார்.

அதன் பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் அக்கா முதல் வேலையாகப் போனட்டைக் காட்டி, "இது என்னால் வந்தது" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு ஒவ்வொரு தடவையும் நிலம் பிளந்தால் நல்லது என்றிருக்கும். ஒருவரும் வாங்கவில்லை. கடைசியில் அவரே வாங்கினார். எனக்கு விசா வந்த அன்று, "இனி நான் ஷெஃப்பிட்டைச் சொல்லுறன் அக்கா" என்றேன். "இப்ப சொன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போடுவீர். விடும்" என்றார். விட்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கார் எத்தனை கலியாணங்களுக்கு ஓடியது என்று உங்களுக்குத் தெரியும். கண்ணாடிகளை இறக்கிவிட்டால் பொம்பிளையின் சேலை, நகை எல்லாம் தெருவுக்கே தெரியும். கேட்கிற வீட்டாரிடம் அக்கா இதைச் சொல்லமாட்டார். "மழை பெஞ்சால் பின்னுக்கு இடப்பக்கம் ஒழுகும். பொம்பிளையை வலப்பக்கம் இருத்துங்கோ" என்பதுதான் முதல் பேச்சு. ஒரு கலியாணத்தில் சொல்லிவைத்தாற்போல மழை கொட்டியது. பொம்பிளை ஒரு பூக்கூட வாடாமல் இறங்கினாள். மாப்பிள்ளை தலைப்பாகையைப் பிழிந்துகொண்டு இறங்கினார். "மாப்பிள்ளையைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார் அக்கா. மண்டபமே சிரித்தது.

ஷெஃப் ஓய்வு பெற்றபின் முற்றத்தை நான் எடுத்து நடத்துகிறேன். இந்த வருடம் அக்காவுக்கு நோய் முற்றி, ஸ்டியரிங் பிடிக்க ஏலாமல் போனதும், காரை என்னிடமே விற்கக் கொண்டுவந்தார். விளம்பரத்தைத் தன் கையால் ஜெர்மனில் எழுதியிருந்தார். நன்றாகப் பேணப்பட்ட கார் என்று ஒரு வரி. பின் இடப்பக்கம் ஒழுகும், மணிக்கூடு ஓடாது, வலது கதவில் கீறல் என்று ஏழெட்டு வரி. கடைசியில்: "போனட்டில் கறை. காரணம் விற்பவரிடம் கேட்கவும்."

"விற்பவர் நான்தானே அக்கா?"

"ஓம். நான் இருக்கிறமட்டும் அது என்ர கறை. பிறகு உம்மட பாடு."

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்தவர் பான் நகரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பல் வைத்தியர். விளம்பரத்தை அச்செடுத்து, ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். கடைசி வரியில் விரலை வைத்து, "இது எப்படி வந்தது?" என்று கேட்டார்.

அக்கா போய் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. நான் சொன்னேன்: "தெரியாது. பழைய கறை."

இருபது வருடப் பழக்கம் வாயில் வந்து நின்றது. அவர் யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார். என் வாழ்க்கையில் என் மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு வந்த நாள் வேறில்லை.

அடக்கம் வெள்ளிக்கிழமை. தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் கோப்பியும் கேக்கும், எங்கள் பெண்கள் கறி வைத்துப் பொரித்த பற்றிஸும் இருந்தன. ஷெஃப் தடியூன்றி வந்திருந்தார். பற்றிஸ் ஒன்றை ரசித்துக் கடித்துக்கொண்டிருந்தவரிடம் போய், "ஷெஃப், அந்தப் பச்சைக் காரின் பொட்டு அவர் வைத்ததில்லை. நான் வைத்தது" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"எப்போதிருந்து?"

"அன்றைக்கே. அவள் கழுத்தில் சிலுவை. உன் நெற்றியில் அதே பொட்டு, அதே சிவப்பு. என்னைக் குருடன் என்றா நினைத்தாய்?"

"அப்படியென்றால் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?"

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "அதற்கு முன் அவள் என்னிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. அவள் ஒருவனுக்காகப் பொய் சொல்கிறாள் என்றால், அவனை வைத்திருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன்."

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அவர் தன் தட்டில் இருந்த கடதாசித் துவாயை எடுத்துத் தந்தார்.

மண்டப வாசலில் நின்றே பல் வைத்தியருக்கு அழைப்பு எடுத்தேன். அன்று நான் சொன்னது பொய் என்று தொடங்கி, வெள்ளிக்கிழமை, குங்குமம், வெயில், விசா, அக்கா என்று எல்லாவற்றையும் சொன்னேன். வாங்காமல் விட்டாலும் பரவாயில்லை என்றும் சொன்னேன். அவர் முழுதையும் கேட்டு முடித்தார். பிறகு, "இந்தக் காரின் வரலாற்றுக் கோப்பில் இதை எழுதி, கையொப்பம் போட்டுத் தருவீர்களா?" என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். பழைய காருக்கு ஒரு கோப்பு இருக்கும். எந்த வருடம் என்ன பழுது பார்த்தார்கள், யார் கைக்கு மாறியது என்று எல்லாம் அதில் இருக்கும். அதன் கடைசித் தாளில் எழுதினேன்: போனட்டில் உள்ள சிவப்புக் கறை குங்குமம். வைத்தவர் நேசன். துடைக்க மறந்தவரும் அவரே. வாங்கியவர் வாசித்துத் தலையாட்டினார். நல்ல குளிர், இருந்தும் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுத்தான் முற்றத்தைவிட்டு ஓட்டிப் போனார்.

அக்காவின் கையெழுத்து விளம்பரம் என் அலுவலக அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. கார் கேட்டு வருகிறவர்களிடம் குறையை முதல் சொல்கிறேன். அக்கா, உங்கள் ஆயுளில் நீங்கள் சொன்ன ஒரே பொய் இனி உங்களுடையது இல்லை. அதை நான் வைத்துக்கொண்டேன்.