மூத்த மாப்பிள்ளையும் இரண்டாம் டிரையரும்

மக்தூம் பிறந்தது காயல்பட்டினத்தில். திருமணமான நாள் முதல் வாழ்வதும் அதே ஊரில்தான், நான்கு தெரு தள்ளி, மனைவி நஃபீஸாவின் வீட்டில். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். ஆகவே மக்தூமின் வாழ்க்கையை எழுதப் புகுபவர், அவருடைய மாமியார் ஹாஜரா பீவியின் வீட்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

குடும்பத்து ஆண்கள் பெரும்பாலும் வளைகுடாவுக்குப் போய்விட்ட காலத்தில், போகாமல் நின்றவர் அவர். தூத்துக்குடித் துறைமுகத்தை அடுத்த ஒரு இரசாயன ஆலையில் அவருக்கு வேலை. அந்த ஆலையின் வால்வுகள் யாவும் அழுத்தப்பட்ட காற்றால் இயங்குபவை. கடற்கரைக் காற்றை இழுத்து அழுத்தும்போது அதிலுள்ள நீரும் கூடவே வந்து வால்வுகளைக் கெடுக்கும். அந்த நீரைப் பிரித்தெடுப்பது டிரையர். ஒவ்வொரு டிரையரிலும் வெள்ளை மணிகள் நிரப்பிய இரண்டு இரும்புக் கோபுரங்கள் இருக்கும். ஒரு கோபுரம் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கையில் மற்றது தான் குடித்ததை வெளியே சீறித் தள்ளும். சில நிமிடங்களில் இரண்டும் முறை மாறிக்கொள்ளும். வடிகட்டிகளை மாற்றுவது, சீறல் வெளியேறும் சைலன்ஸரில் அடைத்த தூசியைத் தட்டுவது, மணிகள் எண்ணெய் படிந்து பழுப்பேறியிருக்கின்றனவா என்று பார்ப்பது ஆகியவை மக்தூமின் அன்றாட வேலைகள். அவற்றில் அவர் குறை வைத்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த வீட்டின் இளைய மாப்பிள்ளை அஸ்கர். ரியாத்தில் இதே டிரையர் வேலையைப் பார்த்தவர், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினார். "அவனுக்கும் உங்க கம்பெனியில ஒரு வழி பாருங்க மருமவனே" என்று ஹாஜரா பீவி கேட்டார். மாமியார் வாய்விட்டுக் கேட்டதை மறுக்க முடியாமல், தம் மேலாளரிடம் மக்தூமே சொல்லிச் சேர்த்துவிட்டார். அந்தச் சிபாரிசுக்காக அவர் வருந்தத் தொடங்குவதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

முதலில் பைக். அதுவரை ஆறுமுகனேரி வழியாகப் பேருந்தில் போய்வந்தவர், இப்போது சகலையின் புதிய பைக்கில் பின்னால் அமர்ந்து போக வேண்டியதாயிற்று. உப்பளங்களைக் கடக்கும் வழியெல்லாம் அஸ்கர் ரியாத்தின் இயந்திரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். ஆலையில் அவர் வேகமாக வேலை செய்தார், சிரித்துப் பேசினார், கேன்டீனில் எல்லாரும் அவரைத் தங்கள் மேசைக்கு அழைத்தார்கள். வீட்டிலோ, மக்தூமின் கணக்குப்படி, நல்ல மீன் துண்டும் கறித் துண்டும் இளையவர் பக்கமே போயின.

இந்த நிலையில் அந்தப் பிரிவின் பொறுப்பாளர் தேவதாசன் ஓய்வு பெறவிருந்தார். அவர் இடம் இந்த இருவரில் ஒருவருக்கு என்று ஆலையில் முடிவாகியிருந்தது. யாருக்கு என்பது தேவதாசன் சொல்லும் ஒரு சொல்லில் இருந்தது. மக்தூம் அந்த இடத்தைத் தமக்கு உரியதென்றே நெடுங்காலமாக நினைத்து வந்தார்.

வருடாந்தரப் பராமரிப்புக்காக ஆலை நிறுத்தப்பட்டபோது இரண்டு டிரையர்களிலும் மணிகளை மாற்ற வேண்டியிருந்தது. தேவதாசன் இருவரையும் கூப்பிட்டார்.

"ஏலே, ஒண்ணாவது மக்தூமுக்கு, ரெண்டாவது அஸ்கருக்கு. எவன் டிரையர் நல்லாக் காஞ்ச காத்துத் தருதோ அவன் பேர மேனேஜர்ட்ட சொல்லுதேன். ரெண்டு பேரும் ஒரே வூட்டு மாப்பிள்ளையாப் போனீய. எனக்கு வேற வழி தெரியல."

"நீங்க எதுக்கு அண்ணாச்சி கஷ்டப்படணும்? எங்க மாமிகிட்ட கேட்டாப் போச்சு" என்றார் அஸ்கர். எல்லாரும் சிரித்தார்கள். மக்தூம் சிரிக்கவில்லை, மாமியாரிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று தமக்குத் தெரியும் என்றே நம்பியிருந்தார்.

புதிய மணிகள் மூடி முத்திரையிட்ட டிரம்களில் வரும். கடற்கரையில் வேலை செய்பவர்களுக்கு அதில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு டிரம்மைத் திறந்து, கோபுரத்துக்குள் கொட்டி முடித்த பிறகே அடுத்ததன் மூடியில் கை வைப்பார்கள். திறந்து கிடந்தால் கடற்காற்றின் ஈரத்தை மணிகள் வெளியிலேயே குடித்துவிடும். ரியாத்தின் வறண்ட காற்றில் இந்தக் கவலை இல்லை. அங்கே எல்லா டிரம்களையும் முதலிலேயே திறந்து வரிசையில் வைத்துக்கொண்டால் வேலை விரைவாக முடியும். அஸ்கர் கைப்பழக்கத்தில் அப்படியே செய்தார். பாங்கு சொன்னதும், மூடிகளைச் சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டு, "காக்கா, நான் தொழுதுட்டு, சாப்பிட்டு வாரேன். அதுக்குப் பொறவு நீங்க போங்க" என்று மக்தூமிடம் சொல்லிப் போனார். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.

மக்தூம் அந்தத் திறந்த டிரம்களைப் பார்த்தார். மூடிகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. காற்று கடலிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. அவர் மூடவில்லை.

இந்த இடத்தில் இருவர் சொல்வதும் வேறுபடுகிறது. டிரம்களின் அருகே கணநேரம்தான் நின்றதாக மக்தூம் சொல்கிறார். தாம் திரும்பி வரும்போதும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்ததாக அஸ்கர் சொல்கிறார். ஆனால் பின்னாளில் என்னிடம் பேசும்போது மக்தூம் எதையும் மறைக்கவில்லை. "அவன்தான் வெளிநாட்டுல வேல படிச்ச ஆளாச்சே, அவனுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன். அந்த நெனப்பு பொய்யின்னும் எனக்கு அப்பமே தெரியும்" என்றார்.

மறுநாள் டிரையர்களை ஓட்டிப் பார்த்தார்கள். மக்தூமின் டிரையரில், காற்றின் ஈரத்தை அளக்கும் மீட்டர் பூச்சியத்துக்குக் கீழே நாற்பதைத் தொட்டு நின்றது. முள் கீழே இறங்க இறங்கக் காற்று நன்றாகக் காய்ந்தது என்று பொருள்; நாற்பதுதான் வேண்டிய அளவு. அஸ்கரின் டிரையர் மாலைவரை ஓடியும் பூச்சியத்துக்குக் கீழே பத்தைத் தாண்டி இறங்கவில்லை. தேவதாசன் வால்வுகளைப் பார்த்தார், சைலன்ஸரைக் கழற்றிப் பார்த்தார், கடைசியில் அஸ்கரைப் பார்த்தார்.

"டிரம்ம எல்லாம் மொத்தமாத் தெறந்து போட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டேன் அண்ணாச்சி. என் தப்புதான்" என்றார் அஸ்கர்.

"அப்ப பக்கத்துல யாரும் இல்லையால?"

"என் டிரம்முக்கு நான்தான அண்ணாச்சி காவல்."

தேவதாசன் அவர் தோளில் கை வைத்து அழுத்தினார். மக்தூமுக்கு முதலில் மூச்சு வந்தது. அடுத்த கணமே அந்தக் கையைப் பார்த்து வயிறு எரிந்தது. இத்தனை வருடத்தில் தம் தோளில் அந்தக் கை ஒருமுறையும் பட்டதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பொறுப்பு மக்தூமுக்கு என்று அன்றே முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை ஹாஜரா பீவி விருந்து வைத்தார். எங்கள் வழக்கப்படி, சஹன் என்னும் பெரிய தட்டில் சோறு பரப்பி, இரண்டு மாப்பிள்ளைகளையும் ஒரே சஹனில் எதிரெதிரே உட்கார வைத்தார். நெய்ச்சோற்றின் மேல் பெரிய கறித் துண்டை எடுத்து அஸ்கர் பக்கம் வைத்தார்.

"புள்ள மனசு நொந்து போயிருக்கும். சாப்பிடுங்க மருமவனே."

மக்தூம் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். "மாமி, அந்த டிரம் தெறந்து கெடந்தத நான் பாத்தேன். வேணும்னுதான் மூடல."

"எதுக்கு?" என்றார் ஹாஜரா பீவி.

"இதுக்குத்தான்" என்று அந்தக் கறித் துண்டைக் காட்டினார் மக்தூம்.

கதவோரம் நின்ற நஃபீஸா தலையில் அடித்துக்கொண்டாள். "கொழுப்பு ஆவாதுன்னு டாக்டர் சொன்னத நான்தான் உம்மாகிட்ட சொல்லி வச்சேன். மாத்திர போடுற மனுசனுக்கு ஆட்டுக் கறியையும் போட்டுட்டு நான் ஆஸ்பத்திரிக்கு அலையவா?"

பிறகு அஸ்கர், "எனக்குத் தெரியும் காக்கா. நான் வரும்போ நீங்க டிரம்முக்கிட்டதான நின்னீங்க" என்றார்.

"தெரிஞ்சா அண்ணாச்சிகிட்ட ஏன் சொல்லல?"

"ஒரே சஹன்ல கை வைக்கிறோம். உங்களக் காட்டிக்குடுத்துட்டு இங்கன வந்து எப்படி உக்கார?"

அவருடைய அந்தப் பெருந்தன்மையும் மக்தூமுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை தேவதாசனிடம் போய் நடந்ததைச் சொன்னார். சகலைக்கு நியாயம் செய்வதற்காக என்பதைவிட, நல்லவன் என்ற பெயர் முழுவதும் அவனுக்கே போய்விடக் கூடாது என்பதற்காகவே சொன்னதாக அவரே ஒப்புக்கொள்கிறார்.

தேவதாசன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "தெறந்து போட்டவன் அவன், மூடாம நின்னவன் நீ. மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்ல. நான் மேனேஜர்ட்ட சொன்னது சொன்னதுதான், மாத்த மாட்டேன். ஆனா அந்த ரெண்டாவது டிரையர நீயும் அவனும் சேந்து நின்னு சரி பண்ணணும். அது வரைக்கும் நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்."

இரண்டாம் டிரையரைக் குழாயிலிருந்து துண்டித்து, ஆலைக்குக் காற்றுத் தராமல் தன் போக்கில் ஓட விட்டார்கள். மணிகள் சிறிது சிறிதாக ஈரத்தைக் கக்கின. இருவரும் முறை வைத்து மீட்டரைப் பார்த்தார்கள். வேலை தவிர வேறு பேச்சு அவர்களுக்குள் இல்லை. முள் நாற்பதைத் தொட்ட பகலில் அஸ்கர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"காக்கா, உங்களுக்குக் கீழ வேல பாக்குறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. இனி நான் எதையாவது தெறந்து போட்டுட்டுப் போனா மட்டும் சொல்லிருங்க."

மக்தூம் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சொல்லுதேன்" என்றார். "சந்தோசமாச் சொல்லுவேன்னு மட்டும் எதிர்பாக்காத."