உடைஞ்சதுதான் வேணும்

பிள்ளைகளே, எள்ளை விடச் சின்னதாக ஒரு கூம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு பிராணி இருந்தது, வாசலுக்கு மூடி போட்டுக்கொண்டு. கடலடியில், ஐம்பது கோடி வருடங்களுக்கும் முன்னால்! ஹயோலித் என்று பெயர். அந்தக் கூம்புதான் அதன் ஓடு. அதை நான் எங்கள் ஊரான குனோங் ராபாட்டில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பார்த்தேன்.

பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படிக்கும் என் மூத்த மகள், ஒரு மைக்ரோஸ்கோப்பும் சின்ன டப்பாவில் பொடியும் கொண்டு வந்திருந்தாள். வெளிநாட்டுச் சுண்ணாம்புப் பாறையை வினிகர் போன்ற அமிலத்தில் ஊறப்போட்டால், கரையாமல் மிஞ்சுவது அந்தப் பொடி. அதற்குள்தான் இந்தக் கூம்பு ஓடுகள் கிடந்தன.

"ஏம்மா, நம்ம ஊரச் சுத்தி நிக்கிற மலையும் சுண்ணாம்புதானே? அங்க கிடைக்காதா?" என்று கேட்டேன்.

"இதோட வயசுக்கு நம்ம மலைங்க எல்லாம் சின்னப் புள்ளப்பா."

மறுநாள் அவளுக்குக் கேம்பஸின் பெரிய எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் வைக்கத் தோதான துண்டு கிடைக்காவிட்டால், அடுத்த செமஸ்டர் வரை காத்திருக்க வேண்டும். பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் வலித்துவிட்டது. "கூம்பு மாதிரி இருந்தா எடுத்து வைங்கம்மா" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

என் மனைவி ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்தாள். மகள் திரும்பி வந்து குனிந்து பார்த்தாள்.

"ம்மா, எல்லாம் முழுசா இருக்கே!"

"பின்ன? நல்லதா பாத்துப் பொறுக்கினேன்லா."

"உடைஞ்சது?"

"குருணைய யாராச்சும் சேத்து வைப்பாங்களா? டிஷ்யூல மடிச்சுக் குப்பையில போட்டுட்டேன்."

மகள் குப்பைக் கூடையிடம் ஓடினாள். "உடைஞ்சதுதாம்மா வேணும்! உடைஞ்ச ஓரத்துலதான் ஓட்டோட உள்பக்கம் தெரியும்."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நான் பக்கத்து ஊரான சிம்பாங் பூலாயில் டயர் கடையில் வேலை செய்கிறேன். முழு டயரைப் பார்த்தால் வெறும் ரப்பர்தான். கிழிந்ததைப் பார்த்தால்தான், அடுக்கடுக்காக உள்ளே ஓடும் நூல் தெரியும்.

மூன்று பேரும் குப்பைக் கூடையைப் பழைய செய்தித்தாளில் கொட்டினோம். வெங்காயத் தோல், டீத்தூள், முட்டை ஓடு.

"அந்த ஓடு இல்லங்க, தள்ளி வைங்க!" என்று என் மனைவி அதட்டினாள். வெங்காயத் தோலுக்கு அடியிலிருந்து டிஷ்யூவை எடுத்ததும் அவள்தான். நல்லவேளை, நனையவில்லை. அதில் ஒரு கூம்பு, பென்சிலை ஒடித்தது போல நேராக முறிந்திருந்தது. மகள் மூச்சை அடக்கிக்கொண்டு அதைத் தனியே எடுத்து வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் நான் சாப்பிட வந்திருந்தபோது என் மனைவியின் கைப்பேசிக்குப் படம் வந்தது. அடேயப்பா! அந்தத் துளி ஓட்டுக்குள் மெல்லிய இழைகள், கட்டுக் கட்டாக! ஒரு அடுக்கு நீளவாக்கில், இன்னொன்று குறுக்குவாக்கில். பழைய ஓடு என்றோ போய்விட்டதாம். அதன் இடத்தில் வேறொரு தாது வந்து உட்கார்ந்து, அந்த இழைகளை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது, அச்சில் ஊற்றிய அகார் அகார் ஜெல்லி அச்சின் கோடுகளைப் பிடித்துக்கொள்வது போல.

கூடவே மகளின் குரல்: "ம்மா, எங்க லெக்சரர் சாரே எழுந்து வந்து பாத்தாரு! இதேதான் வேணும்னாரு!"

"கேட்டீங்களா? நான் எடுத்தது" என்றாள் என் மனைவி.

"போட்டதும் நீதானே?"

"போட்டா என்னங்க? எடுத்தேன்லா!"

படத்தைப் பெரிதாக்கி, எல்லா இழையையும் பார்த்து முடிக்கும் வரை அவள் கைப்பேசியைத் தரவில்லை. அவள் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததில், அன்று நான் கடைக்குத் தாமதமாகத்தான் போனேன்.