ஞாயிறு பத்து மணியின் சொந்தக்காரர்

கடந்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே ரெலிபோன் அடித்தது. மரண அறிவித்தல் ஒன்று கொடுக்க வேண்டும் என்றது ஓர் இளம்பெண்ணின் குரல். எங்கள் ஞாயிறு தமிழ் வானொலி நிகழ்ச்சிக்கான அறிவித்தல்கள் என் வீட்டுக்குத்தான் வரும். ஒரு கையால் கோட்டைக் கழற்றியபடி வழமையான கேள்விகளைத் தொடங்கினேன்.

“பிறந்த இடம்?”

“ஜமேக்கா, அக்கா.”

“இருந்த இடத்தைக் கேக்கேல்லைப் பிள்ளை. பிறந்த ஊர். யாழ்ப்பாணத்தில எந்தப் பக்கம்?”

“இல்லை அக்கா, ஆள் தமிழ் இல்லை. பார்க்டேலில எங்கட பில்டிங்கில, எனக்குப் பக்கத்து வீட்டு அம்மா. நேற்று ஆஸ்பத்திரியில மோசம் போயிட்டா. உங்களைத் தெரியும் எண்டு ஒருக்கால் சொன்னவ. வேற ஆருக்குச் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை. பேர் டெல்ரோஸ்.”

ஒரு கை கோட்டுக்குள்ளேயே இருக்க, அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். 

மிஸ் டெல்ரோஸ் அவர்களை உங்களில் அநேகருக்குத் தெரியாது. எங்கள் நிகழ்ச்சி பதினொரு மணிக்கு ஒலிபரப்பாகிய ஆரம்ப காலத்தில், வானொலியைக் கொஞ்சம் முந்தித் திருப்பியவர்கள் மட்டும் ஓர் அம்மா ஆங்கிலத்தில் ஆறுதலாக விடைபெறுவதைக் கேட்டிருப்பீர்கள். அவர்தான் இவர். அவர் பேசியது ஜமேக்காவின் ஆங்கிலம். ஆனால் என் நினைவில் அவர் எங்களுடைய தமிழில்தான் கதைக்கிறார். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் ரொறொன்ரோவுக்கு வந்து இரண்டாவது பனிக்காலம். எங்கள் நிலையம் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. முதல் நாளே நான் அவருடன் கொழுவிக்கொண்டேன். பதினொரு மணி தாண்டி இரண்டு நிமிடமாகியும் அவருடைய பாட்டு முடியவில்லை. ஒலிபரப்பு அறையின் கண்ணாடியில் கதவுத் திறப்பால் தட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்து, ஓர் அரசியைப் போலத் தலையைச் சாய்த்து, பாட்டை முழுவதுமாக ஓடவிட்டார். வெளியே வந்ததும், “பாடிக்கொண்டிருக்கிற ஒரு பொம்பிளையை இடையில நிப்பாட்டக்கூடாது, டார்லிங். வாழ்க்கை முழுக்க எல்லாரும் அதைத்தானே செய்தவங்கள்” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். இவர் சிரித்துவிட்டு, “டார்லிங் எண்டு நான்கூட உன்னைக் கூப்பிட்டதில்லை” என்றார். அதற்குப் பிறகு மிஸ் டெல்ரோஸ் ரெலிபோன் எடுக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில், “உன்ர டார்லிங் லைனில” என்பதுதான் கதை.

அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். நெடிய உருவம். கடைச் சாமான் இழுக்கும் இரண்டு சில்லு வண்டியில் இசைத்தட்டுகளை அடுக்கி, நனையாமல் பொலித்தீனால் சுற்றி, ஸ்ட்ரீட் கார் என்ற ட்ராம் வண்டியில் ஏற்றிக் கொண்டு வருவார். தொப்பி, உதட்டுச் சாயம், தோடு எல்லாம் சரியாக இருக்கும். “றேடியோவில ஆர் உங்களைப் பாக்கப்போகினம்?” என்று ஒருநாள் கேட்டேன். “நான் போடுற பாட்டுக்காரியள் பாத்துக்கொண்டிருப்பினம்” என்றார்.

அவருடைய ஒரு மணித்தியாலம் முழுவதும் கறுப்பினப் பெண் கலைஞர்களுக்கானது. பேர் பெற்றவர்களை அவர் அதிகம் தொடமாட்டார். “அவையைப் போட ஊரே இருக்கு. எனக்கு, ஒரேயொரு தட்டுப் பாடிப்போட்டு மறுபடி உடுப்புத் தோய்க்கப் போன பிள்ளையள்தான் வேணும்” என்பார். தட்டே இல்லாதவர்களையும் விடமாட்டார். தேவாலய நிலவறையில் சின்னப் பிள்ளைகளுக்கு நடனம் பழக்கிய ஒருவர், ஹோட்டல் இசைக்குழுவில் சாக்ஸபோன் வாசித்த ஒருவர் என்று தேடிப் பிடித்துக் கூட்டிவந்து ஒலிவாங்கியின் முன் இருத்துவார். ஒருநாள் ஒரு வயதான நடிகை வந்தார். மேடையில் இருபது வருடம் வேலைக்காரி வேடம் மட்டுமே கிடைத்தவர். மிஸ் டெல்ரோஸ் தன் கையால் தேநீர் ஊற்றி அவருக்குக் கொடுத்துவிட்டு, ஒலிவாங்கியில் சொன்னார்: “நேயர்களே, இவ எத்தினையோ நாடகத்தில தேத்தண்ணி கொண்டுவந்து குடுத்திருக்கிறா. இண்டைக்கு இவ கதிரையில இருந்து குடிக்கிறா. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.” குடித்து முடியும்வரை வானொலியில் கோப்பைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அவர் தானும் ஒரு பாடகி என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. ஒரு ஞாயிறு பாட்டின் நடுவில் தட்டுச் சுற்றும் இயந்திரம் இழுபட்டு நின்றுவிட்டது. கண்ணாடிக்கு வெளியே நின்ற நான் பதறிப்போனேன். அவர் பதறவில்லை. ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்து, மோதிரத்தால் மேசையில் தாளம் தட்டி, பாட்டு நின்ற சொல்லிலிருந்தே பாடத் தொடங்கினார். அடடா! அந்தக் குரலை என்னென்று சொல்வது? கையில் இருந்த அறிவித்தல் கடதாசிகளை மறந்துபோய் நின்றேன். முடித்ததும், “அவ பாடியிருந்தா இன்னும் வடிவாய் இருந்திருக்கும்” என்று மட்டும் சொல்லி அடுத்த தட்டைத் தேடினார்.

அன்றைக்குத்தான் அவரைப் பிடித்துவைத்துக் கதை கேட்டேன். இளம் வயதில் வீட்டு வேலைக்கென்று இந்த நாட்டுக்கு வந்தவர். வியாழக்கிழமை பின்னேரம் மட்டும் லீவு. அந்த லீவில் போய் ஒரு ஹோட்டலில் பாடியிருக்கிறார். இசைத்தட்டு நிறுவனத்து ஆள் ஒருவர் வந்து, இவர் தானே கட்டிய பாட்டு ஒன்றைக் கேட்டாராம். பாட்டு நல்லது, இதை வேறொரு பிள்ளையைக் கொண்டு பாடுவிக்கலாமோ என்று கேட்டாராம். “நீங்கள் என்ன சொன்னனீங்கள்?” என்றேன். “ஓம் எண்டனான். பாட்டாவது போய்ச் சேரட்டும் எண்டு” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குக் கோபமே வரவில்லை.

எங்கள் மரண அறிவித்தல்கள் அவருக்குப் பெரிய ஆச்சரியம். ஊரில் சண்டை. ஆட்கள் எங்கெங்கோ சிதறிப்போயிருந்தார்கள். யார் எங்கே செத்தாலும் இங்கே வாசிக்க வேண்டும். “இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் மாமி எண்டு எல்லாரையும் சொல்லுவியளோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். தன் கையுறைகளை மாட்டத் தொடங்கினார். “என்னை வாசிச்சால் ரெண்டு செக்கனில முடிஞ்சிடும்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத எனக்கு உரிமை இல்லை.

எங்கள் நிகழ்ச்சி வளர்ந்தது. ரெலிபோன் ஓயாமல் அடித்தது. அறிவித்தல்களுக்கே நேரம் போதவில்லை, பாட்டுப் போட இடமில்லை. எங்கள் ஆட்கள் சிலர், “முன்னுக்குப் போற அந்தப் பாட்டுகளை எடுத்துப்போட்டு எங்களுக்கு அந்த நேரத்தைத் தரச் சொல்லுங்கோ” என்றார்கள். சிலர் மிஸ் டெல்ரோஸைக் குறிக்கப் பாவித்த சொல்லை நான் இங்கே எழுதமாட்டேன். அப்போது அவர்களை ஏசாமல் விட்டதும் என் பிழைதான். ஒரு நாள் நிலைய மனேஜர் என்னைக் கூப்பிட்டார். மிஸ் டெல்ரோஸின் நேயர்கள் குறைந்துவிட்டார்கள், உங்களுக்கு விருப்பமென்றால் பத்து மணியையும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவர் சொல்லி முடிக்க முதலே ‘ஓம்’ என்றுவிட்டேன். அந்த அம்மாவைக் கேட்டீர்களா என்றுகூட நான் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் அப்போது தன் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய கடைசி நிகழ்ச்சியன்று கதவடியில் நின்று ஏதேதோ விளக்கம் சொல்லத் தொடங்கினேன். சனம் கூடிப்போச்சு, அறிவித்தல் கூடிப்போச்சு என்றெல்லாம் உளறினேன். அவர் என் தோளில் கையை வைத்து, “செத்த ஆக்களுக்கு நேரம் வேணும்தானே, டார்லிங். எடுத்துக்கொள்” என்றார். அந்த ஒரு மணித்தியாலத்தில் அவர் அதிகம் பேசவில்லை. தான் இதுவரை அழைத்துவந்த பெண்களின் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தன்னுடைய பெயரைச் சொல்லவில்லை. சரியாகப் பத்து ஐம்பத்தொன்பதுக்கு முடித்தார். வாழ்நாளில் முதல்முறையாக நேரத்துக்கு முடித்தார். வண்டியை மாடிப்படியில் ஏற்ற நான் உதவிக்குப் போகவில்லை. என் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது.

பிறகு இரண்டு மூன்று முறை ரெலிபோனில் கதைத்தோம். “ஒருநாள் வா, தேத்தண்ணி குடிப்பம்” என்றார். “வாறன், வாறன்” என்றேன். எங்கள் ‘வாறன்’ எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். மிசிசாகாவில் வேலை, பிள்ளைகள், ஞாயிறு வானொலி என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது. அவர் கூப்பிடுவதும் நின்றது. நின்றதை நான் கவனிக்கக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை இறுதிச் சடங்கு. வந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். முன்வரிசையில் அந்த வயதான நடிகை ஊன்றுகோலோடு இருந்தார். அவர் எழுந்து, “இந்த நகரத்தில என்னை இருக்கவைச்சுக் கதை கேட்டது இவ ஒருத்திதான்” என்றார். சொல்லிவிட்டு ஊன்றுகோலை ஊன்றி மெல்ல இருந்தார். பாதிரியார் ஜெபித்தார். பாட்டுப் பாட ஒருவரும் இல்லை. இத்தனை பாட்டுக்காரிகளைத் தூக்கிச் சுமந்தவருக்கு ஒரு பாட்டும் இல்லை.

வெளியே பனிமழை. செய்தி சொன்ன அந்தப் பிள்ளை, சுகந்தி, எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“உங்களுக்கு மிஸ் டெல்ரோஸோட எப்பிடிப் பழக்கம்?” என்று கேட்டேன்.

“அது ஒரு பகிடி அக்கா. நாங்கள் அந்த பில்டிங்குக்கு வந்த புதுசு. ஞாயிறு பத்து மணிக்குப் பக்கத்து வீட்டில தமிழ் றேடியோ கேக்குது. உங்கட குரல்தான், அறிவித்தல் வாசிக்கிறியள். ஆ, எங்கட சனம் இருக்குதெண்டு நினைச்சு, ஒரு தட்டில வடையைப் போட்டுக்கொண்டு போய்த் தட்டினன். கதவைத் திறந்தது இந்த அம்மா! தொப்பி, தோடு எல்லாம் போட்டுக்கொண்டு நிக்கிறா.”

“அவவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாதே.”

“அதைத்தான் நானும் கேட்டனான். விளங்குதோ அம்மா எண்டு. ஒண்டும் விளங்காது எண்டா. பிறகேன் கேக்கிறியள் எண்டன். ‘உது என்ர மணித்தியாலம், பிள்ளை. நான் இல்லாட்டி ஆர் இருப்பினம்?’ எண்டா. ஒரு ஞாயிறும் விடேல்லை அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும்.”

சுகந்தி மெல்லத் தொடர்ந்தாள்.

“நீங்கள் தொடங்கேக்க வணக்கம் எண்டு சொல்லுவியள் எல்லே? அவவும் றேடியோவைப் பாத்து வணக்கம் எண்டு சொல்லுவா. சுவருக்கு இங்கால எனக்குக் கேக்கும்.”

இரண்டு வருடம். ஒவ்வொரு ஞாயிறும் நான் அவரிடமிருந்து எடுத்த நேரத்தில் நின்று வணக்கம் சொல்லியிருக்கிறேன். அவர் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு நாளாவது அந்தத் தேநீருக்குப் போயிருப்பேனா? போயிருப்பேன் என்று எழுத ஆசைதான். உறுதியாக எழுத முடியவில்லை.

நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி. அறிவித்தல்களில் முதலாவதாக அவருடையதை வைத்திருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. வணக்கம் என்றேன். பார்க்டேலில் ஒரு வயோதிபப் பெண் வணக்கம் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் எடுக்குமோ, அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகும் வாய் திறக்கவில்லை. இயந்திரம் பழுதோ என்று நேயர்கள் ரெலிபோன் எடுத்தார்கள். பழுதில்லை. பேசத் தொடங்க எனக்குத்தான் மனம் வரவில்லை.

போய் வாருங்கள், மிஸ் டெல்ரோஸ்.