பௌர்ணமிக்கு வந்தவர்

மலைமேல் இருந்த அந்த வானாய்வுக் கூடத்தில் அலர்மேல்மங்கைக்கு முன்னால் எந்தப் பெண்ணும் இரவு வேலை பார்த்ததில்லை. திருப்பதியில் படித்து முடித்து வந்தவளிடம், பகலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றார்கள். ராத்திரியில் பாம்பு வருமாம். பாம்புக்கு ஆண் பெண் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டுவிட்டு, தொலைநோக்கிக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பிச்சாட்டூர் ஏரிப்பக்கத்து வயலில் வளர்ந்தவளுக்குப் பாம்பு புதிதா என்ன?

அவள் தேடியது வெகுதூரத்து மங்கல் வெளிச்சங்களை. நிலா இருந்தால் அதெல்லாம் அழிந்துபோகும். அமாவாசையை ஒட்டிய இரவுகள்தான் அவளுக்குப் பொன். ஒன்றை விட்டாலும், ‘பார்த்தாயா, வீட்டில் கூப்பிட்டதும் ஓடிவிட்டாள்’ என்று சொல்ல ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் ஒன்றையும் விடவில்லை.

ஊரிலோ அமாவாசைதான் வீடு கூடும் நாள். அவளைப் பெற்ற அப்பாவு, செத்துப்போன தாய் தகப்பனுக்குப் படையல் போடாமல் அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். வாசற்படியும் தாண்டமாட்டார். போனில் கேட்பார்.

“வர்ற அமாவாசைக்காவது வந்துட்டுப் போம்மா. உங்கம்மா வடை எடுத்து வச்சிக்கினு உக்காந்துக்கினு இருப்பா.”

“அன்னிக்குத்தான் நைனா எனுக்கு வேலையே. நீ வா, நான் பாக்கறதெல்லாம் காட்டறேன்.”

“படையல உட்டுட்டு எப்பிடிமா வர்றது?”

இந்தப் பேச்சிலேயே வருஷங்கள் ஓடின. அவள் பெயர் வெளிநாட்டு ஆய்விதழ்களில் வந்தது. தெலுங்குப் பேப்பரில் போட்டோகூடப் போட்டார்கள்.

ஒரு பௌர்ணமியன்று, சொல்லாமல் கொள்ளாமல் அப்பாவு வந்து நின்றார். சலவை வேட்டி, பையில் வடை. கிழக்கே நிலா தளதளவென்று ஏறிக்கொண்டிருந்தது.

“இன்னிக்கிக் காட்றியாமா?”

“இன்னிக்கு ஒண்ணும் தெரியாது நைனா. பாழாப்போன நிலா.”

அவர் நிமிர்ந்து நிலாவைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். “சரிம்மா, நீ படிச்சவ” என்றார். டீ வாங்கிக் கொடுத்து, இருட்டு நாளாகப் பார்த்து வரச்சொல்லி, கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அவர் மறுபடி வரவில்லை. அறுவடை சமயத்தில் மார்வலி வந்து போய்ச் சேர்ந்தார்.

இந்த வருஷம் மகாளய அமாவாசைக்கு மங்கை லீவு போட்டாள். ஒரே பிள்ளை அவள்தான், இலையும் அவள்தான் போட்டாள். அப்பா இருந்தவரை கிடைக்காத லீவு, அவர் படமானதும் கிடைத்துவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்தபோது அம்மா சென்னம்மா சொன்னாள். “நிலாவுல இருக்கற மேடு பள்ளத்தப் பாக்கணும்னுதான் அன்னிக்குப் பௌர்ணமியாப் பாத்து உங்கிட்ட வந்தாரு. உன் மிஷின்ல நிலா தெரியாதாமே? அது வேற பெரிய வேலைக்கு வச்ச மிஷின், நிலாவெல்லாம் அதுல தெரியாதுன்னு டீக்கடைல சொல்லிக்கினு இருந்தாரு. உன்ன உட்டே குடுக்கல.”

நிலாவா தெரியாது? கூடத்து மூலையில் தூசு படிந்து கிடந்த சின்னத் தொலைநோக்கியே போதுமே. மேடும் பள்ளமும் கிட்டத்தில் வந்து நின்றிருக்கும். ஐந்து நிமிஷ வேலை. தனக்கு இடைஞ்சலாக இருந்ததை இன்னொருவர் ஆசையாகப் பார்க்க வருவார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டி என்ன ஆகப்போகிறது?

பொழுது போனதும் வெளியே வந்து நின்றாள். இத்தனை வருஷம் அவள் காத்துக் காத்துக் கிடந்த அதே இருட்டு. அதில் நிலாவைத் தேடினாள்.