ஏறியோர் பூச்சியம்

2024 மார்ச் 4, திங்கள்: இறங்கியோர் 412, ஏறியோர் 0.
மார்ச் 5, செவ்வாய்: இறங்கியோர் 398, ஏறியோர் 0.
மார்ச் 6, புதன்: இறங்கியோர் 431, ஏறியோர் 0.
மொத்தம்: இறங்கியோர் 1,241, ஏறியோர் 0.

இது கொட்டாஞ்சேனையில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் நோபேட் எடுத்த கணக்கு. வயது எழுபத்தொன்று. முப்பத்து நான்கு வருடம் துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணியவர். ஏற்றும் பெட்டிகளை எண்ண வேறு ஆள் உண்டு. அவன் கணக்கில் கை வைத்தால் சண்டை வரும்.

காலையில் சந்தி அடைத்துக்கொள்வதால், தரிப்பிடத்தை 550 மீற்றர் அப்பால் நகர்த்தப் போக்குவரத்து அலுவலகம் யோசித்தது. முதலில் ஆராய்ந்து சொல்லும்படி ஒரு பல்கலைக்கழகக் குழுவைக் கேட்டது. குழுவிலிருந்த மிதுனா, எண்ணுவதற்கு நோபேட்டைப் பிடித்தார்.

நோபேட்டின் மனைவி ஐறீன் அந்தத் தரிப்பிடத்தில்தான் தினமும் ஏழு மணிக்கு வெள்ளவத்தை பஸ் ஏறுவார். அங்கே ஒரு தையற்கடையில் சாறி பிளவுஸ் தைக்கிறார். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவர். 550 மீற்றர் நடப்பதென்றால் வேலையை விட வேண்டியதுதான்.

வியாழன் மாலை மிதுனா கணக்கோடு வீட்டுக்கு வந்தார்.

"அங்கிள், ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல இறங்கியிருக்கினம். ஒருத்தரும் ஏறேல்லை. எல்லாரும் கொட்டாஞ்சேனையிலயே குடியேறிட்டினமோ?"

"ஏத்துறது என்ட வேல இல்ல மகள். அதுக்கு வேற ஆள் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"ஆர் அந்த ஆள்?"

"மூணு நாளாத் தேடினேன். லீவு போல."

ஐறீன் குசினியிலிருந்து வந்தார். "நான் பஸ் ஏறி இந்த மனுசனுக்கு டாட்டா காட்டினேன் மகள். புத்தகத்த மூடிட்டு அங்கால திரும்பிக்கிட்டார்!"

"பின்னேரம் இறங்கக்குள்ள ஒன்ன எண்ணினேன்தானே."

மிதுனாவுக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. "அன்ரி, இந்தக் கணக்கைக் குடுத்தா, இங்க பஸ் ஏற ஆளில்லை, தரிப்பிடத்தைத் தள்ளுங்கோ எண்டுதான் முடிவு வரும்."

ஐறீன் நோபேட்டைப் பார்த்தார். அந்தப் பார்வை போதும்.

"திங்கக்கிழம திரும்ப எண்ணுறேன்," என்றார் நோபேட். "ஆனா ஏத்துற பக்கமும் எனக்குத்தான்னு எழுத்துல தாங்க." மிதுனா கொப்பித்தாளைக் கிழித்து எழுதிக் கையெழுத்திட்டார்.

மார்ச் 11 முதல் 13 வரை: பஸ்கள் 214, ஏறியோர் 1,306. கப்பலைத் துறையில் கட்டிய நேரமும் அவிழ்த்த நேரமும் குறித்த பழக்கத்தில், பஸ் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் யாரும் கேட்காமலே எழுதியிருந்தார். ஆட்கள் இறங்கி ஏறி முடிந்த நேரமும் பக்கத்தில். மிதுனா கூட்டிப் பார்த்தார். ஆட்கள் இறங்கி ஏறச் சராசரி 38 செக்கன். பஸ் நின்றது சராசரி 4 நிமிடம் 10 செக்கன். மிச்ச நேரமெல்லாம் கொண்டக்டர்கள் கூவி ஆள் பிடித்தது. சந்தியை அடைத்தது தரிப்பிடம் அல்ல, அந்தக் கூவல்.

குழு அப்படியே அறிக்கை கொடுத்தது. தரிப்பிடத்தை நகர்த்த வேண்டாம் என்ற ஐறீனின் மனுவும் கூடப் போனது. அலுவலகத்தின் முதற் கடிதம் மனு கிடைத்தது என்றது. இரண்டாவது, பரிசீலனையில் உள்ளது என்றது. இந்த இரண்டு கடிதத்துக்கும் இடையில் வேலையில் தொடர்வாரா என்று கேட்ட கடை முதலாளியிடம் ஐறீன் இரண்டு தரம் தவணை கேட்டார்.

தரிப்பிடம் இருந்த இடத்திலேயே இருக்கும், பஸ் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்ற மூன்றாவது, கடைசிக் கடிதம் கிடைத்த திகதி: 2024 ஜூன் 19, புதன்.